அவுட்போர்டு எஞ்சின் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

பின்பலகையில் ஒற்றை அவுட்போர்டு (படகுக்கு வெளியே தொங்கும் எஞ்சின்) மாட்டிய சிறிய படகுகளில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் அதே ஏழெட்டுதான். அவற்றில் பெரும்பாலானவை எஞ்சினுக்குள் இருப்பதே இல்லை. டேங்க், பெட்ரோல் ஹோஸ், பேட்டரி முனை, கில் ஸ்விட்ச் (ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் ஸ்விட்ச்) கயிறு என்று வெளியிலேயே இருக்கும். ஆனால் எல்லாரும் முதலில் கை வைப்பது மேல்மூடியில், அடுத்து கார்புரேட்டரில். நன்றாக இருந்த கார்புரேட்டரைப் பிரித்து நாசமாக்கிய பிறகுதான், டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறக்கவே இல்லை என்று தெரியவரும்.

அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் காசே செலவாகாத காரணத்தில் தொடங்கி, பணம் பிடுங்கும் காரணம்வரை வரிசையாகப் போகிறேன். வரிசையைத் தாண்ட வேண்டாம். பழைய படகு வாங்கப் போகிறவர்களுக்கும் இது உதவும்: எதைக் கண்டால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், எதைக் கண்டால் திரும்பி வந்துவிட வேண்டும் என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

கை வைக்கும் முன் இரண்டு விஷயம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடித்தளத்தில் போய்த் தங்கும். வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் முதலில் காற்றோட்டம் விடுங்கள். புரொப்பெல்லர் பக்கம் போவதானால் சாவியையும் கில் ஸ்விட்ச் கயிற்றையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

## சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை, அல்லது ‘டக்’ என்று ஒன்றே ஒன்று

சத்தமே இல்லை என்றால்: கியர் லீவர் சரியாக நியூட்ரலில் இருக்கிறதா? பெரும்பாலான எஞ்சின்கள் கியரில் இருந்தால் செல்ஃப் எடுக்காது. லீவரை முன்னும் பின்னும் ஒருமுறை தள்ளி, நடுவுக்குக் கொண்டுவந்து முயன்று பாருங்கள். அப்புறம் பேட்டரியின் மெயின் ஸ்விட்ச், அப்புறம் ஃபியூஸ். சில எஞ்சின்கள் கில் ஸ்விட்ச் கயிறு கழன்றிருந்தாலும் சுற்றாது.

‘டக்’ சத்தம் வருகிறது என்றால்: பேட்டரியைச் சந்தேகப்படுவதற்கு முன் அதன் முனைகளைச் சந்தேகப்படுங்கள். கையால் திருப்பிப் பாருங்கள். அசைந்தால் அதுதான் காரணம். வெள்ளை, பச்சைப் பூசணம் இருந்தால் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் பளபளப்பாகத் தேய்த்து மறுபடி இறுக்குங்கள். எஞ்சின் பக்கம் எர்த் ஒயர் போல்ட் ஆகும் இடத்தை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அதையும் தேய்க்க வேண்டும். படகில் வைக்கும் பேட்டரிக்குச் சாதாரண இறக்கை நட்டு வேண்டாம், ஸ்பேனரால் இறுக்கும் நட்டும் வாஷரும் போடுங்கள். அலையின் குலுக்கலில் இறக்கை நட்டு தானாகத் தளரும்.

இவ்வளவுக்குப் பிறகு மல்டிமீட்டர். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். செல்ஃப் எடுக்கும்போது மீட்டரைப் பாருங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தேறாது, அல்லது சார்ஜ் ஏறவில்லை. பேட்டரியில் வோல்ட் நிற்கிறது, ‘டக்’ மட்டும் வருகிறது என்றால் சோலனாய்டு (செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் ரிலே), அதையும் தாண்டினால் செல்ஃப் மோட்டார். அந்தக் கட்டத்தில் மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.

கயிறு இழுக்கும் சிறிய எஞ்சினில் கயிறே வர மறுத்தால், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக இழுங்கள். இப்போது சுலபமாக வந்து, துளை வழியாகத் தண்ணீர் பீச்சினால் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கிறது. அப்போதும் அசையவில்லை என்றால் எஞ்சின் ஜாம். பலம்போட்டு இழுக்காதீர்கள், ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள். வாங்கப்போன இடத்தில் இப்படி என்றால் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

## சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை

முதலில் கில் ஸ்விட்ச். அதன் கிளிப் மாட்டியிருப்பது போலத் தெரியும், முழுதாக உட்கார்ந்திருக்காது. பிடுங்கி மறுபடி மாட்டுங்கள். அடுத்து சோக். எஞ்சின் ஆறிப்போயிருந்தால் சோக் வேண்டும், சூடாக இருந்தால் வேண்டாம்.

அடுத்து ஹோஸின் நடுவில் இருக்கும் ரப்பர் பல்பு. அதன்மேல் உள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்க்க வேண்டும். எஞ்சின் பக்கத்து முனை மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு கசக்குங்கள். சில கசக்கலில் கெட்டியாக வேண்டும். கெட்டியாகவே ஆகவில்லை என்றால் டேங்கில் பெட்ரோல் இல்லை, அல்லது இணைப்பில் காற்று ஏறுகிறது, அல்லது பல்பின் உள்வால்வு போய்விட்டது. கசக்கக் கசக்கப் போய்க்கொண்டே இருந்து, மேல்மூடிக்குள் பெட்ரோல் வாசனையும் அடித்தால் கார்புரேட்டரின் மிதவை ஊசி அடைக்கவில்லை. உடனே நிறுத்துங்கள்.

பல்பு கெட்டியாகிறது, அப்படியும் பிடிக்கவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. ஒன்று அதிகமாக வந்துவிட்டது, அல்லது பொறி இல்லை. கார்புரேட்டர் எஞ்சின் என்றால் சோக்கை ஆஃப் செய்துவிட்டு, த்ராட்டிலை முழுதாகத் திறந்து சில நொடிகள் சுற்றவிடுங்கள். உள்ளே தேங்கியது வெளியேறிவிடும். பிடித்தவுடன் த்ராட்டிலைக் குறைக்கத் தயாராக இருக்க வேண்டும். அதற்கும் சரிவராவிட்டால் பொறியைச் சோதியுங்கள். விலை குறைந்த ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று போதும். பிளக் ஒயரை அந்தரத்தில் விட்டுச் சுற்றவிட வேண்டாம், சில எஞ்சின்களில் இக்னிஷன் பெட்டி எரிந்துபோகும். புது பிளக் போட்டும் பொறி இல்லையென்றால் காயிலா, இக்னிஷன் பெட்டியா, உள்ளே இருக்கும் ஸ்டேட்டரா என்று ஊகத்தில் ஒவ்வொன்றாக வாங்கி மாற்றாதீர்கள். எல்லாமே விலை கூடியவை, மின்சாரச் சாமான்களைக் கடைகள் திரும்ப எடுப்பதும் அரிது. மெக்கானிக் அளந்து சொல்லட்டும்.

பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. அடுத்த பகுதிக்குப் போங்கள்.

பிளக்கில் முத்து முத்தாகத் தண்ணீர் இருந்தால் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து அசையாமல் வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், மாதக்கணக்கில் டேங்கில் கிடந்ததை நம்பவே வேண்டாம். டேங்கைக் காலி செய்வதுதான் ஒரே வழி. புது பெட்ரோலை மேலே ஊற்றிச் சமாளிக்கப் பார்ப்பவர்கள் அதையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள்.

## பிடிக்கிறது, கொஞ்ச தூரம் போனதும் அடங்கி நின்றுவிடுகிறது

எனக்குப் பிடித்த கோளாறு இது. காரணம் ஏறக்குறைய எப்போதும் மலிவானதாக இருக்கும். ஆனால் மேல்மூடியைத் திறந்தவர்களைத்தான் அதிகம் அலையவைக்கும்.

எஞ்சின் தடுமாறத் தொடங்கும்போது, நிற்பதற்கு முன்பே, ஒருவர் ரப்பர் பல்பைப் பிடித்துப் பார்க்க வேண்டும். கோளாறு எங்கே என்பதைப் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும்.

பல்பு சப்பிப்போய் உள்ளே ஒட்டியிருந்தால் அடைப்பு பல்புக்கும் டேங்குக்கும் இடையில். டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறந்துவிடுங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே போனால் கதை முடிந்தது. இல்லையென்றால் டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சுகுழாயின் வலை அடைத்திருக்கலாம். படகோடு பொருத்திய டேங்க் என்றால், அதன் வாயில் பெட்ரோல் தானாக வழிந்துவிடாமல் தடுக்கும் சின்ன வால்வு ஒன்று இருக்கும், அது சிக்கிக்கொள்வது சாதாரணம். அதைச் சுத்தம் செய்யலாம், புதிது மாற்றலாம். எடுத்தே போட்டுவிடாதீர்கள். ஹோஸ் அறுந்தால் பெட்ரோல் முழுவதும் படகுக்குள் கொட்டாமல் காப்பது அதுதான்.

பல்பு தொளதொளவென்று இருந்தால் கசக்கிக்கொண்டே இருங்கள். கசக்கும்வரை எஞ்சின் நன்றாக ஓடி, விட்டதும் அடங்கினால், எங்கோ காற்று ஏறுகிறது அல்லது எஞ்சினின் பெட்ரோல் பம்பு பலவீனமாகிவிட்டது. முதலில் ஹோஸின் இரண்டு முனையிலும் உள்ள இணைப்பைக் கழற்றி, உள்ளே இருக்கும் சிறிய ரப்பர் வளையத்தைப் பாருங்கள். வெடித்தோ தட்டையாகியோ இருந்தால் பெட்ரோல் வெளியே கசியாமலேயே காற்றை உள்ளே இழுக்கும். பிறகு கிளாம்புகள். பிறகு தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரின் அடிவிளிம்பு. இவை எல்லாம் சரி என்றால் பம்பின் டயாஃப்ரம், அதாவது உள்ளே அசையும் சவ்வு. கை பழகியவர் தாமே மாற்றிக்கொள்ளலாம்.

பல்பு ஒழுங்காக இருக்கிறது, கசக்கினாலும் எந்த மாற்றமும் இல்லை என்றால் எஞ்சின் பக்கத்து ஃபில்டர், கார்புரேட்டர், இல்லாவிட்டால் சூடானதும் கைவிடும் இக்னிஷன் காயில். நின்ற கையோடு பொறியைச் சோதித்தால்தான் காயிலைப் பிடிக்க முடியும். ஆறிவிட்டால் அது மறுபடி நல்ல பிள்ளையாகிவிடும்.

இதில் எதுவும் தெளிவாகப் பிடிபடவில்லை என்றால் இன்னொரு சோதனை இருக்கிறது. நண்பரிடம் ஒரு சிறிய டேங்கும் அதற்கான ஹோஸும் கடன் வாங்கி, புது பெட்ரோல் ஊற்றி, எஞ்சினில் நேராக மாட்டி ஓட்டுங்கள். ஒழுங்காக ஓடினால் கோளாறு படகில், எஞ்சினில் இல்லை. அதே மாதிரி அடங்கினால் எஞ்சினில். பல ஆயிரம் செலவழித்துக் கார்புரேட்டர் சர்வீஸ் செய்தவர்கள் இதை முதலில் செய்திருந்தால் அந்தப் பணம் கையில் இருந்திருக்கும்.

ஹோஸ் வெளியே புதிது போலத் தெரிந்தாலும் உள்சுவர் உரிந்து நாக்கு போலத் தொங்கும். மெதுவாகப் போகும்போது வழிவிடும், முடுக்கினால் அடைக்கும். வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. வயதான ஹோஸ் என்றால் ஆராயாமல் பல்போடு சேர்த்து மாற்றிவிடுங்கள்.

## வேகத்தில் சரி, ஐடிலில் நிற்பதில்லை

கார்புரேட்டர் எஞ்சினில் இதற்கு அனேகமாக ஒரே காரணம்: பழைய பெட்ரோல் பிசினாகி, மெது ஓட்டத்துக்கான நுண்ணிய ஜெட்டை அடைத்திருக்கும். ஐடில் திருகை ஏற்றிச் சமாளிக்க வேண்டாம். ஓட்டம் ஏறிய நிலையில் கியர் போட்டால் கியர்ப்பெட்டியின் பற்கள் தேயும். கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டியதுதான். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிட்டால் ஜெட் வீண். ஒன்றுக்கு மேற்பட்ட கார்புரேட்டர் இருந்தால், அவற்றை ஒன்றோடொன்று ஒத்திசைக்கும் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

## தண்ணீர் பீச்சவில்லை, அல்லது சூட்டு அலாரம் அடிக்கிறது

எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது என்று காட்ட, பக்கத்துச் சிறு துளை வழியாக ஒரு தாரை பீச்சிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் மட்டும் ‘கொஞ்சம் ஓட்டிப் பார்ப்போம்’ என்பது கிடையாது. உடனே நிறுத்துங்கள்.

எஞ்சினைத் தூக்கி, அடிப்பகுதியில் தண்ணீர் உறிஞ்சும் சல்லடையைப் பாருங்கள். பிளாஸ்டிக் பையோ பாசியோ ஒட்டியிருக்கும். எடுத்துவிட்டு, எஞ்சின் ஆறியபின் மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூடாக இருக்கும்போது மேலே பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

சல்லடை சுத்தம், ஆனாலும் பீச்சவில்லை என்றால் பீச்சும் துளையையே பாருங்கள். உப்பு, மணல், குளவி கட்டிய மண் எல்லாம் அதில் அடைத்துக்கொள்ளும். தடித்த தூண்டில் நரம்பைத் துளைக்குள் விட்டு ஆட்டினால் போதும். துளை அடைத்த எஞ்சின் சூடாகாமல்கூட இருக்கலாம். ஆனால் அதை நம்பி ஓட்ட முடியாது.

அடுத்தது இம்பெல்லர், அதாவது தண்ணீர் பம்பின் ரப்பர் விசிறி. ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை, கெடுகிறதோ இல்லையோ, மாற்றிவிட வேண்டிய சாமான் அது. தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஓட்டினால் சில நொடிகளிலேயே அதன் ரப்பர் கருகத் தொடங்கும். ‘சும்மா ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்கிறேன்’ என்று கரையில் வைத்து ஓட்டுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். பழைய இம்பெல்லரை எடுக்கும்போது இதழ்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று உடைந்து காணவில்லை என்றால் அந்தத் துண்டு மேலே போய் வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதைத் தேடி எடுக்காமல் மூடினால் புது இம்பெல்லர் போட்டும் சூடாகும்.

இன்னொரு பக்கமும் உண்டு: தண்ணீர் நன்றாகப் பீச்சுகிறது, ஆனாலும் அலாரம் அடிக்கிறது. பீச்சுவதால் பம்பு வேலை செய்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் சிக்கியிருக்கலாம், அல்லது உள்வழிகளில் உப்பு படிந்திருக்கலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டால் திறக்கிறதா என்று தெரிந்துவிடும். அதுவும் சரியென்றால் மெக்கானிக்.

குழாய்த் தண்ணீர் மாட்டி ஓட்டும்போது பீச்சல் பலவீனமாக இருந்தால் அவசரப்பட்டுப் பம்பைப் பிரிக்காதீர்கள். குழாயில் அழுத்தம் போதாமல் இருக்கலாம். பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி எஞ்சினை இறக்கிப் பாருங்கள்.

வாங்கப் போகும்போது, விற்பவர் பேசத் தொடங்குவதற்கு முன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால், ஆறியபின் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். அதற்கு மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.

## எஞ்சின் கத்துகிறது, படகு நகரவில்லை

கியர் விழுகிறதா என்று முதலில் பாருங்கள்: எஞ்சினை நிறுத்தி, கில் ஸ்விட்ச் கயிற்றையும் எடுத்துவிட்டு, லீவரை முன்கியரில் போட்டுப் புரொப்பெல்லரைக் கையால் சுற்றுங்கள். இரண்டு பக்கமும் தாராளமாகச் சுற்றினால் கேபிளோ இணைப்போ கழன்றிருக்கிறது. சிறிய எஞ்சின் என்றால் புரொப்பெல்லரை அச்சோடு பூட்டும் ‘பின்’ என்ற சிறிய உலோக முளை ஒடிந்திருக்கும். எதிலாவது மோதினால் கியரைக் காப்பாற்றத் தான் ஒடிவதற்கென்றே வைத்த பின் அது. மாற்றுப் பின்னும் கொறடும் எப்போதும் படகில் இருக்கட்டும். ஆணியை வைத்துச் சமாளித்தால் அடுத்த மோதலில் கியர்ப்பெட்டி போகும்.

பின் இல்லாத புரொப்பெல்லர்களில் நடுவே ஒரு ரப்பர் புஷ் இருக்கும். அது வழுக்கினால் மெதுவாகப் போகும்போது இழுக்கும், முடுக்கினால் எஞ்சின் மட்டும் கத்தும். நடுக்குமிழிலிருந்து இறக்கைப் பகுதிவரை பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். திரும்பி வரும்போது கோடு இரண்டாக விலகியிருந்தால் புஷ் போயிற்று. அந்த நிலையிலும் த்ராட்டிலைக் குறைத்து மெதுவாகக் கரை சேரலாம்.

திரும்பும்போது மட்டும் கத்துகிறது என்றால் புரொப்பெல்லர் காற்றை இழுக்கிறது. எஞ்சினை அதிகமாகத் தூக்கி வைத்திருப்பீர்கள், இறக்குங்கள். நேராகப் போகும்போதும் அப்படியே என்றால், புரொப்பெல்லருக்கு மேலிருக்கும் தட்டு படகின் அடிமட்டத்தோடு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

## முழு த்ராட்டில் கொடுத்தும் வேகம் ஏறவில்லை

எஞ்சினைக் குறை சொல்லும் முன் படகை எடைபோடுங்கள். அடியில் தேங்கிய தண்ணீர் 100 லிட்டர் என்றால் 100 கிலோ. அடிப்புறத்தில் சிப்பியும் பாசியும் படிந்திருந்தாலும் வேகம் ஏறாது. பழைய படகு என்றால் தளத்துக்கு அடியில் இருக்கும் மிதப்பு நுரை தண்ணீர் குடித்து ஊறியிருக்கலாம். அது தானாக எளிதில் காயாது, தளத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

எடை சரியென்றால், ஒருவர் லீவரை முழுதாகத் தள்ளட்டும், இன்னொருவர் எஞ்சினை நிறுத்திய நிலையில் த்ராட்டில் முழுதாகத் திறக்கிறதா என்று பார்க்கட்டும். கேபிள் தளர்ந்து பாதியில் நிற்பது நிறைய நடக்கிறது. பிறகு புரொப்பெல்லர். முழு த்ராட்டிலில் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுக்குப் போக வேண்டும் என்று கையேட்டில் ஒரு வரம்பு இருக்கும். பல நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் அது 5,000 முதல் 6,000 வரை. எட்டவில்லை என்றால் பிட்ச் (ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரம்) குறைந்த புரொப்பெல்லர் போடுங்கள். ஒரு அங்குலம் குறைத்தால் சுமார் 150 முதல் 200 சுற்று கூடும்.

முன்பு நன்றாக ஓடிய படகு திடீரென்று சோர்ந்து நடுங்கினால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. பிளக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள், வித்தியாசமாக இருப்பது எதுவோ அதுதான் குற்றவாளி. புது பிளக்குக்கும் சரிவராவிட்டால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்க வேண்டும். சிலிண்டர்களுக்கிடையே 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் செலவு பெரிது. பழைய எஞ்சின் வாங்குவதானால் இந்தச் சோதனை இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

## கியர் ஆயில் நிறம் மாறியிருக்கிறது

கியர்ப்பெட்டியின் அடித்திருகைக் கொஞ்சம் தளர்த்தி, சில சொட்டு பிடியுங்கள். பால் கலந்த காபி போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரண்டு திருகுகளின் வாஷர்தான் முதல் சந்தேகம், ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டியது. அடுத்து புரொப்பெல்லரைக் கழற்றுங்கள். அச்சில் தூண்டில் நரம்பு சுற்றி, கசிவைத் தடுக்கும் ஆயில் சீலை அறுத்திருக்கும். சீல் மாற்றுவதும் அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்ப்பதும் கருவிகள் உள்ளவர் வேலை. திருகின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பயமில்லை, உலோகச் சில்லு வந்தால் படகை இறக்கவே வேண்டாம். புது ஆயிலைக் கீழ்த்துளை வழியாக ஏற்றி, மேல்துளையில் வழியும்வரை நிரப்புங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று சிக்கிக்கொள்ளும்.

## ஸ்டீயரிங் இறுகிவிட்டது

இணைப்புக் கம்பியை எஞ்சினிலிருந்து கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் திருப்புங்கள். சுலபமாகத் திரும்பினால் குற்றம் கேபிளில், புதிதுதான் மாற்ற வேண்டும். எஞ்சினே திரும்பவில்லை என்றால் பழைய கிரீஸ் கல்லாகிவிட்டது. நிப்பிளில் புது கிரீஸ் அடித்து, இரு பக்கமும் திருப்பித் திருப்பிப் பழையதை வெளியேற்றுங்கள்.

## படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது

வடிகால் அடைப்பான் போட்டிருக்கிறதா? சிரிக்க வேண்டாம், முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். அதன் ரப்பர் சுருங்கியிருந்தாலும் கசியும். பிறகு பில்ஜ் பம்பின் (படகின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பம்பு) ஹோஸ், மீன் தொட்டியின் ஹோஸ் ஆகியவற்றின் கிளாம்புகள்.

இடம் தெரியவில்லை என்றால் படகைக் கரையேற்றித் துடைத்துக் காயவைத்து, உள்ளே சில சென்டிமீட்டர் உயரத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டு, வெளியே எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். அலுமினியப் படகில் ரிவெட் வரிசை, ஃபைபர் படகில் பின்பலகையில் துளையிட்ட இடங்கள். ஓரிரு ரிவெட்டை மறுபடி அடிக்கலாம், துளையைக் கடல்நீருக்கான சீலன்டால் அடைக்கலாம்.

ஆனால் பின்பலகையில் துளையைச் சுற்றி மரம் ஊறியிருந்தால் விஷயம் வேறு. எஞ்சினைத் தூக்கி நிறுத்தி, அதன் அடிநுனியைக் கையால் பலமாக அமுக்கிக்கொண்டே பின்பலகையின் மேல்விளிம்பைப் பாருங்கள். விளிம்பு வளைந்தால், அல்லது சுத்தியலின் மரப்பிடியால் தட்டும்போது ‘டங்’ என்று கேட்காமல் ‘பொத்’ என்று கேட்டால், உள்ளே மரம் அழுகிவிட்டது. மேலே ஃபைபர் பூசி மறைப்பதால் பயனில்லை. எஞ்சினை இறக்கி, பலகையை வெட்டியெடுத்துப் புதிதாகக் கட்ட வேண்டும். படகு கட்டுபவரின் வேலை அது, சிறிய பழைய படகின் விலையையே விழுங்கிவிடும். உங்கள் படகு என்றால் சரிசெய்யும்வரை தண்ணீரில் இறக்காதீர்கள். வாங்கப்போன படகு என்றால், எஞ்சினை மட்டும் தனியாகக் கொடுப்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.